பரேலில் பிறந்த பிரஷர் மாத்திரை

மும்பையின் சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்தால் எட்டிவிடக்கூடிய பரேலில்தான் ரத்தக் கொதிப்பு மருத்துவத்தின் ஒரு பெரிய திருப்பம் நடந்தது. கே.இ.எம். மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேரில் செய்த மாத்திரையை 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, அழுத்தம் இறங்குவதை அளந்து எழுதினார். 1949 அக்டோபரில் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ அதை வெளியிட்டது.

வேர் புதிதல்ல. வட இந்தியாவில் பித்துப் பிடித்தவர்களுக்கு அதை அரைத்துக் கொடுத்து வந்தார்கள். ரத்த அழுத்தத்தை அது குறைக்கிறது என்று கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931லேயே எழுதியிருந்தார்கள். ஆனால் வக்கீலின் கட்டுரைக்குப் பிறகுதான் வெளிநாட்டுக் கவனம் திரும்பியது. பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் அதைச் சோதித்தார். ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1952இல் வேரிலிருந்து ரிசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. 1957இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

பலன் இருந்தது, ஆபத்தும் இருந்தது. ரிசர்பைன் மெதுவாக வேலை செய்யும், நிறுத்திய பிறகும் அதன் விளைவு வாரக்கணக்கில் நீடிக்கலாம். ஆரம்பத்தில் அளவு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. சிலருக்கு மூக்கடைப்பு, சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு. அளவைக் குறைத்து, வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் வழி பிறகு வந்தது. 1967இல் வெளியான அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு அப்படிப்பட்ட கலவையைத்தான் சோதித்தது. கடும் அழுத்தம் உள்ள 143 ஆண்களில் பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்கு மரணமோ கடும் பாதிப்போ நேர்ந்தது. மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு மட்டும். உடம்பில் எந்த வலியும் தராத நோய்க்கு நாள்தோறும் மாத்திரை போடச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான நியாயம் தேவையில்லை.

ரிசர்பைன் கலந்த அடெல்ஃபேன் என்ற மாத்திரை இந்தியக் கடைகளில் விற்ற காலத்தில்தான் சீத்தா கேம்ப் உருவானது. அணுசக்தி ஆய்வு மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை நெருக்கடி நிலையின்போது, 1976 மே 17 அன்று அரசு காலி செய்தது. சுமார் 70,000 பேர், அவர்களில் பெருந்திரளான தமிழர்கள், ட்ராம்பேயின் இந்தச் சதுப்போரத்துக்கு மாற்றப்பட்டார்கள். வழக்கும் போராட்டமுமாக எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இன்று ரிசர்பைன் அரிது. இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2017 முடிவில் தொடங்கியபின், அரசு மையங்களில் பெரும்பாலும் அம்லோடிபின், டெல்மிசார்டான் போன்றவைதான். பலனோடு ஆபத்தும் உண்டு என்ற ரிசர்பைன் காலத்து எச்சரிக்கை இவற்றுக்கும் பொருந்தும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டான் ஆகாது. மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தமோ நெஞ்சுவலியோ எகிறக்கூடும். தலைசுற்றல் போய்விட்டது என்று மாத்திரையை விடுவதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துப்போனதை வாங்கிப் போடுவதும் இதனாலேயே ஆபத்து. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக்கூடாது. மூட்டை தூக்கி, வீட்டு வேலை செய்து முதுகு வலிக்கிறவர்கள் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுப்பதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் தங்கும் நாட்களுக்குப் போதிய மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்வது நல்லது. தீர்ந்துவிட்டால் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சீட்டைக் காட்டலாம். அட்டையில் கம்பெனிப் பெயர் மாறியிருந்தாலும், மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றுதானா என்று அங்குள்ளவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.