காளான்: காலுமில்லை, காளமுமில்லை

மழைக்காலத்தில் காளான் முளைக்கிறதோ இல்லையோ, அதற்குச் சொற்பிறப்புச் சொல்லும் வாட்ஸாப் துணுக்குகள் தவறாமல் முளைத்துவிடுகின்றன. இந்த ஐப்பசியில் எனக்கு வந்தது இது: ஒற்றைக் காலில் நிற்பதால் காலான், அதுவே மருவிக் காளான். அனுப்பியவர் தமிழ் படித்தவர் என்பதுதான் எரிச்சல். ஒற்றைக் காலில் நிற்பதெல்லாம் காலான் என்றால் பனைமரம் என்ன பாவம் செய்தது? லகரம் ளகரமாக எந்த விதியில் மாறியது? பட்டிமன்ற மேடையில் இப்படிச் சொன்னால் கைதட்டல் விழும். அகராதியில் இதற்கு இடமில்லை.

இன்னொரு கூட்டம் காளம் என்ற ஊதுகொம்பைக் கொண்டுவருகிறது. காளானைக் கவிழ்த்துப் பிடித்தால் கொம்பு போலத் தெரிகிறதாம். கவிழ்த்துப் பிடித்தால் எதுதான் கொம்பு போலத் தெரியாது? முளைத்து நிற்கும் பொருளுக்குப் பெயர் வைத்தவன் அதைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பார்த்தா வைத்திருப்பான்? இதற்கு மேல் இவர்களுக்கு மறுமொழி தேவையில்லை.

சான்று சங்க நூலிலேயே இருக்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், சிறுபாணாற்றுப்படையில் பாணனின் அடுக்களையைக் காட்டும் இடத்தில் இதன் முழுப்பெயரைச் சொல்லிவிட்டார்: காளாம்பி. கழிகள் சரிந்த பழைய சுவர், அதைச் சிதல் என்னும் கரையான் அரித்த மண்தூள், அந்தத் தூளில் பூத்த காளாம்பி. இதில் ஆம்பி என்பதே பழைய பொதுப்பெயர். புறநானூற்று 164ஆம் பாட்டில் பெருந்தலைச்சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் பூத்ததாகச் சொல்வதும் வெறும் ஆம்பிதான். அந்தப் பாட்டைக் கேட்டவன் குமணன். அவனுடைய முதிரமலை உடுமலை, பழனிப் பக்கத்து மலைதான் என்று சொல்வோர் உண்டு. அப்படியானால் இந்தக் காளான் பேச்சில் இனி அடிக்கடி வரப்போகும் கீரனூரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தொலைவில் வைத்துப் பாடிய பாட்டு அது. நான் சொல்வது பழனி வட்டத்துக் கீரனூர். புதுக்கோட்டைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

அடுத்தது ‘காள்’. இதன் பொருள் கருமை. காளி, காளிமம், கார், கரு என்று ஒரு குடும்பமே நிற்கிறது. காளாம்பி என்றால் கரிய ஆம்பி. பேச்சில் ஈற்றசை தேய்ந்து, மகரம் னகரமாகிக் காளான் ஆயிற்று. மரம் மரன் என்றும், நிலம் நிலன் என்றும் வருவதை அறியாதவர் யார்? மகரத்தோடு இப்படி மயங்காத னகர ஈற்றுச் சொற்கள் ஒன்பதே என்று தொல்காப்பியம் மொழிமரபில் வரையறுக்கிறது. உரைகாரர்கள் அந்த ஒன்பதையும் பட்டியலிட்டிருக்கிறார்கள். கடான் இருக்கிறது, வயான் இருக்கிறது, காளான் இல்லை. எனக்கு இது போதும்.

காளம் வடமொழி, ஆகவே காளானும் வடமொழி என்று ஒருவர் கிளம்புவார். வடமொழியில் காளானுக்குச் சிலீந்திரம், சத்திராகம், கவகம் என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. இருபிறப்பாளர் அதைத் தின்னக்கூடாது என்று மனு தடுத்ததும் கவகம், சத்திராகம் என்ற பெயர்களில்தான். காளிதாசனின் மேகதூதத்தில் இடி முழங்கியதும் நிலத்தில் முளைப்பது சிலீந்திரம். வீட்டில் இத்தனை பெயர் வைத்திருப்பவர்கள் நம்மிடம் கடன் கேட்டு வரவுமில்லை, கொடுத்துவிட்டுப் போகவுமில்லை.

ஆம்பி எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு சறுக்கு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கிழார், ஏற்றம் இவற்றோடு ஆம்பியும் வரும். அது நீர் இறைக்கும் கருவி. ஓடத்துக்கு அம்பி என்று பெயர், நீரில் பூப்பது ஆம்பல், அம் என்றாலே நீர். ஆகவே மழைநீரால் வருவது ஆம்பி என்று ஒரு முடிபு கட்டி, பலர் அதிலேயே குடியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் துளுவில் காளானுக்கு அலம்பு என்று பெயர், கன்னடத்தில் அணபெ. இந்த இரண்டையும் எந்த நீரில் கரைத்தாலும் ‘அம்’ கிடைக்காது. பெயர் பேர் ஆனதுபோல நடு எழுத்துக் கரைந்து முதல் எழுத்து நீண்டு ஆம்பி ஆயிற்று என்று கொள்வதே நேர்வழி. காளான் ஆம்பியும் ஏற்ற ஆம்பியும் ஒலி ஒத்த வேறு சொற்கள். மலையாளத்துக் கூண், குடகின் கும்மு ஆகியவை தனி வழி.

இனி உண்மையான இடர்ப்பாட்டுக்கு வருவோம். நம் ஊரில் ஆசையாகப் பறித்துத் தின்னும் காளான் வெள்ளையாயிற்றே, அதைக் கரிய ஆம்பி என்று யாராவது சொல்வார்களா? வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்று வெளியிட்ட பால் காளானை நினைத்துப் பாருங்கள். என் முடிபின்படி அதன் பெயருக்குப் ‘பால்நிறக் கருப்பி’ என்று பொருள் வரும். காலான் கட்சிக்காரர்கள் இங்கேதான் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சிறுபாணாற்றுப்படையில் அடுத்த சில அடிகளைப் படிப்பதில்லை.

அந்த அடுக்களையில் பசித்துக் கிடக்கும் கிணைமகள் என்ன செய்கிறாள்? வெளியே போய்க் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்புக்கும் வழியில்லாமல் அதை வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். கையெட்டும் தொலைவில் சுவரோரம் காளாம்பி பூத்திருக்கிறது. அது தின்னும் காளானாக இருந்தால் குப்பைக் கீரைக்கு ஏன் போக வேண்டும்? பெருந்தலைச்சாத்தனார் வீட்டிலும் அதே கதைதான். அடுப்பில் ஆம்பி, வயிற்றில் பசி. பறித்துக் குழம்பு வைத்ததாகப் பேச்சே இல்லை. புலவர்கள் வறுமைக்கு அடையாளமாகக் காட்டியது தின்ன முடியாத ஒன்றை.

நத்தத்தனார் அதன் அடையாளத்தையும் கொடுத்திருக்கிறார். காளாம்பிக்கு அவர் இட்ட அடைமொழி ‘புழல்’, அதாவது உள்ளே துளையுடையது. கீரனூர்ப் பக்கம் ஐப்பசி மழைக்குப் பிறகு கரையான் புற்றடியில் வரும் புத்துக்காளானின் காம்பைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே கெட்டி, நார் நாராக வரும். மட்கிய கூரை, சாணம், வைக்கோல், உளுத்த மரம் இவற்றில் பூக்கும் இன்னொரு சாதி உண்டு. மெல்லிய சாம்பல் மணி போன்ற தலை, காம்பு முழுக்கத் துளை. விடியலில் விரியும். வெயில் ஏறினால் தன்னைத் தானே கரைத்துக்கொண்டு கரிய மையாகச் சொட்டி ஒழுகும். கொப்ரைனஸ் என்று பூஞ்சையியலார் அழைத்துவந்த கூட்டம் இது. காளான் வளர்ப்பவர்களைக் கேட்டால் வைக்கோல் படுக்கையில் களையாக வந்து தொல்லை தருவதைச் சொல்வார்கள். புழல் சரி, கருமை சரி, பழைய அடுக்களையும் சரி. காளாம்பி இதுதான். வீட்டுக்குள் அடிக்கடி கண்ணில் பட்டதன் பெயர் காட்டில் வருவதற்கும் பரவி, பொதுப்பெயரான ஆம்பியைத் தள்ளிவிட்டது. எண்ணெய் என்பது எள்ளின் நெய்யாக இருந்து, இன்று மண்ணெண்ணெய் வரை போகவில்லையா?

அந்த அடுக்களைச் சுவரை அரித்த சிதலுக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. சிதலே பேச்சில் செல் ஆயிற்று. செல்லரித்த ஏடு என்கிறோமே, அந்தச் செல். அகராதியில் அதே செல்லுக்கு மேகம், இடி என்றும் பொருள் உண்டு. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார் மின்பாய்ச்சல் கொடுத்துக் காளான் விளைச்சலைக் கூட்டியும் காட்டியிருக்கிறார்கள். இடியும் செல், கரையானும் செல், இரண்டும் கூடிக் காளான் என்று நாளை ஒரு துணுக்கு வரும். அதை எழுதியவன் நானில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புத்துக்காளானுக்கும் கரையானுக்கும் உள்ள உறவு மட்டும் மெய்யானது. புற்றுக்குள் கரையான் மென்று கட்டிய கூட்டில் பூசணத்தைப் பயிரிடுகிறது. அதிலிருந்து நீண்ட வேர்போன்ற காம்பு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. பிரெஞ்சுக்காரர் ரோஜே ஆய்ம் 1942இல் இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயரிட்டார். தெலுங்கர் அதற்கும் முன்பே புட்டகொடுகு, புற்றுக்குடை, என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

குடை என்றதும் நாய்க்குடை வருகிறது, அதோடு அடுத்த மூடச் சொற்பிறப்பும் வருகிறது: நாய் காலைத் தூக்கிய இடத்தில் முளைப்பதால் நாய்க்குடையாம். கன்னடத்தில் நாயிகொடெ, தெலுங்கில் குக்ககொடுகு. மூன்று நாட்டு நாய்களும் கூடிப் பேசிக்கொண்டா காலைத் தூக்கின? நாய்க்கடுகு, நாய்த்துளசி, நாய்த்தேக்கு இவற்றையெல்லாம் எந்த நாய் நனைத்தது? பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்பதில் பேய் எப்படியோ, அப்படித்தான் இங்கே நாயும். பார்க்க அதுபோலவே இருக்கும், ஆனால் அதுவல்ல என்பதே பொருள். கிணைமகள் கிள்ளிய வேளைக்கே நல்வேளை, நாய்வேளை என்று இரண்டு உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறுபாண் அடுக்களையில், கண் திறக்காத குட்டிகளோடு, ஈன்ற நாயொன்றும் கிடந்து குரைக்கிறது. காளாம்பியும் நாயும் ஓரிடத்தில் என்று யாரும் துள்ள வேண்டாம்.

ஆக, நாய்க்குடை என்பது எச்சரிக்கைப் பலகை. கீரனூர்ப் பக்கத்துப் பெண்கள் இதைச் சொற்பொழிவில்லாமல் சொல்கிறார்கள்: “புத்து இல்லாத எடத்துல பூத்தா தொடாதீங்க, அது நாய்க்கொடைங்க.” தலையில் கூர்முனை, மண்ணுக்குள் நீளும் வேர், அடியில் புற்று, மூன்றும் இருந்தால்தான் அவர்கள் மடியில் விழும். இடத்தையும் வேரையும் பார்க்கிறார்களே தவிர நிறத்தை நம்புவதில்லை. புல்வெளியில் தட்டுப் போல வெள்ளையாக விரிந்து, தலையில் பழுப்புச் செதிலும் காம்பில் வளையமும், முற்றினால் அடிமடிப்பில் பச்சையும் காட்டும் குளோரோபில்லம் இந்த நாட்டில் எத்தனையோ பேரை வாந்தியிலும் பேதியிலும் போட்டிருக்கிறது. அதுதான் அசல் நாய்க்குடை. பூண்டு கறுத்தால் நஞ்சு, வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்ற சோதனைகள் காலான் சொற்பிறப்பின் உடன்பிறப்புகள். நம்பினால் உயிருக்கே ஆபத்து.

பூத்தல் என்ற வினையும் இங்கே கவனிக்கத்தக்கது. இரண்டு புலவர்களும் ஆம்பி முளைத்தது என்று சொல்லவில்லை, பூத்தது என்கிறார்கள். கீரனூரிலும் பூத்தால்தான் பேச்சு. ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கிறது, சுவரில் பாசி பூக்கிறது. பாடநூல் இந்தக் கூட்டத்துக்கே பூஞ்சை என்று பெயர் வைத்தது நல்ல காரியம். அது நோஞ்சான் உடம்பையும் குறிக்கும் என்பதை மறந்துவிட்டு வைத்திருந்தாலும் பரவாயில்லை.

காளாம்பி தின்னாத கருங்காளானின் பெயர். காளான் அதன் குறுக்கம். இரண்டு புலவர்களின் பசி இதற்குச் சான்று சொல்கிறது. இனிப் பதிப்பிக்கும் அகராதிகள் காளானைக் காளாம்பியின் கீழ் வைக்கட்டும். துணுக்கு அனுப்புகிறவர்கள் அந்தக் காலை எடுத்துக்கொண்டு போகட்டும்.