கால் குறைந்த நாற்காலி: எஃகுக் குழாய் இருக்கையின் வரலாறு

நாற்காலி என்பது காரணப்பெயர். நான்கு கால்களை உடைமையால் அப்பெயர் அமைந்தது. மேசைக்கும் கட்டிலுக்கும் நான்கு கால்கள் உண்டு. எனினும் அப்பெயர் சாய்ந்து அமரும் இருக்கைக்கே உரியதாயிற்று. காரணத்தால் பிறந்த சொல்லை வழக்கு தனதாக்கிக்கொண்டது எனலாம். அக்காரணத்தையே பொய்யாக்கிய ஓர் இருக்கை 1920களில் செருமனியில் தோன்றியது. இன்று அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் போற்றும் அவ்விருக்கையின் வரலாறு மொழி பயில்வோர்க்கும் பயன் தருவது.

அங்கேரியில் 1902இல் பிறந்த மார்செல் பிரோயர், பௌகவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். அப்பள்ளி 1925இல் தெசாவு நகருக்கு இடம்பெயர்ந்தபின் அதன் தளவாடப் பட்டறைக்குத் தலைவரானார். தாம் ஓட்டிய மிதிவண்டியின் கைப்பிடி எஃகுக் குழாயை வளைத்துச் செய்யப்பட்டிருந்தமை அவர் கருத்தைக் கவர்ந்தது. குழாய்க்கு எடை குறைவு, வலிமை மிகுதி. அவர் உருவாக்கிய சாய்விருக்கையில் மெத்தை இல்லை. பளபளக்கும் குழாய்ச் சட்டகமும் இழுத்துக் கட்டிய துணிப்பட்டைகளுமே இருந்தன. ஓவியர் வசிலி காண்டின்ஸ்கி அதனை விரும்பினார். அதனால், பல்லாண்டுகள் கழித்து இத்தாலிய நிறுவனமொன்று அதனை மீண்டும் தயாரித்தபோது ‘வசிலி’ என்னும் பெயர் நிலைத்தது.

இவ்வகை இருக்கைகளுக்குப் பின்னர்ப் பயன்பட்ட துணியின் பெயரும் சுவையானது. ‘இரும்பு நூல்’ எனப் பொருள்படும் செருமானியப் பெயர் அதற்கு உண்டு. அதில் இரும்பு சிறிதும் இல்லை; மாவுப்பசையும் மெழுகும் ஊட்டி மெருகேற்றிய பருத்தி நூலே அது. உறுதி பற்றி வந்த உவமைப்பெயர் அது.

கால்களைக் குறைத்தவர் ஒல்லாந்துக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம். 1926இல் எரிவாயுக் குழாய்த் துண்டுகளை வளைவு இணைப்புகளால் பொருத்திப் பின்கால் இல்லாத இருக்கையொன்றை அமைத்தார். அமர்பவரின் எடை முன்கால்கள் வழியே இறங்குகிறது. தரையில் பின்னோக்கி நீளும் குழாய் இருக்கை சாய்ந்துவிடாமல் காக்கிறது. இக்கருத்தை ஸ்டாம் வரைந்து காட்டக் கண்ட மீஸ் வான் டெர் ரோ, முன்பகுதியை வில்லாய் வளைத்துத் தாமும் ஒன்று செய்தார். 1927இல் ஸ்டுட்கார்ட் நகரின் வைசன்ஹோப் கண்காட்சியில் இரண்டும் இடம்பெற்றன. ஸ்டாமின் இருக்கை விறைப்பானது. மீஸின் இருக்கையோ அமர்ந்தால் மெல்ல அசைந்துகொடுப்பது. பிரோயரும் 1928இல் குழாயோடு மரச்சட்டமும் பிரம்புப் பின்னலும் சேர்த்துத் தம் வடிவத்தை அமைத்தார்.

வடிவம் யாருக்கு உரியது என்னும் வழக்கு எழுந்தது. ஸ்டாமின் உரிமையைப் பெற்றிருந்த அந்தோன் லோரென்சும் தோனெட் நிறுவனமும் எதிரெதிராக நின்றனர். 1932இல் லைப்சிக் நகரிலிருந்த செருமானிய உச்ச நீதிமன்றம், நேர்கோட்டு வடிவம் கலைப்படைப்பே என்றும் அதன் ஆக்கவுரிமை ஸ்டாமைச் சார்ந்தது என்றும் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் பொருள் ஆழமானது. எரிவாயுக் குழாயில் தொடங்கிய புழங்குபொருள், ஆசிரியர் பெயருடைய படைப்பாயிற்று. இன்று சேகரிப்பாளர் தேடுவது அப்பெயரையும், தொடக்ககால நிக்கல் முலாமையும், பழைய துணியையும், தயாரிப்பாளரின் முத்திரைச் சீட்டையுமே. புதிய முலாம் பூசினால் பொருள் பளபளக்கும், மதிப்போ குறையும். பலரும் அமர்வதற்கென எண்ணிய இருக்கை இவ்வாறு ஒருவரும் அமராத காட்சிப்பொருளாகியது. அதே வடிவத்தின் போலிகளோ அலுவலகங்களிலும் உணவகங்களிலும் நாள்தோறும் உழைக்கின்றன.

பின்கால் இல்லாத இதனை ‘இருகாலி’ என்று அழைக்க வேண்டுமா என மாணவர் வினவக்கூடும். வேண்டுவதில்லை. மேசையை விலக்கி இருக்கையைக் கொண்ட அன்றே, நாற்காலி என்னும் சொல் கால்களை எண்ணுவதை விட்டுவிட்டது. வடிவத்திற்கு உரியவர் யார் என நீதிமன்றம் சொல்ல முடிந்தது. சொல்லுக்கு உரியோர் அதனை வழங்குவோர் அனைவருமே. வழங்கும்வரைதான் அது வாழும். ஆகவே நம் சொற்களையும் காட்சிப்பேழையில் வைத்துப் போற்றுவதினும், வகுப்பறையில் நாளும் பயன்படுத்துவதே அவற்றைக் காக்கும் வழி.