நொங்கு திறக்கவில்லை

அப்பா கடைசி நான்கு வருடங்களாக ஒரே ஒரு ஃபைலில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். உடன்குடிப் பக்கம் பள்ளிக்கூடங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பனையேறிகளின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, பனை தொடர்பான சொற்களைச் சேர்த்தார். லிப்ரே ஆஃபீசில் ஒரு நீண்ட ஆவணம். ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம், ஒரு போட்டோ. சில சொற்களுக்கு அந்த ஆட்களே பேசிய ஒலிப்பதிவு. போட்டோக்களை ஆவணத்துக்குள் ஒட்டவேண்டாம், லிங்காக மட்டும் வையுங்கள் என்று சொன்னவன் நான்தான். ஒட்டினால் ஃபைல் பெருத்து அவருடைய பழைய விண்டோஸ் லேப்டாப் மூச்சுவாங்கும். இன்ஜினியர் மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

அவர் போனபிறகு அந்த ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்துவந்து என்னிடமிருந்த பழைய மேக்கில் போட்டுவைத்தேன். பல மாதம் திறக்கவே இல்லை. பிறகு ஒருநாள் துணிந்து, மொத்தத்தையும் ஜிப் செய்து என் லினக்ஸ் மெஷினுக்கு அனுப்பித் திறந்தேன். எழுத்தெல்லாம் இருந்தது. ஒரு படம்கூட இல்லை. படம் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டங்கள்.

சரி, லிங்க் உடைந்திருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். மூன்று ராத்திரி ஆனது. ஒவ்வொரு ராத்திரியும் கணினி வரலாற்றில் ஒவ்வொரு பத்தாண்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது.

லிங்க் என்பது ஒரு முகவரி. முத்தாரம்மன் கோயிலுக்கு வடக்கே மூணாவது வீடு என்கிற மாதிரி. அந்த ஊருக்குள் நிற்கிறவனுக்குத்தான் அது அர்த்தமாகும். அப்பாவுடைய ஆவணம் லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் இருந்தது, படங்கள் டி டிரைவில். எனவே ஒவ்வொரு லிங்கும் டி: என்ற எழுத்தில் ஆரம்பித்தது. லினக்ஸைப் பொறுத்தவரை டி என்று ஒரு ஊரே கிடையாது.

ஏன் கிடையாது? 1960களில் எம்ஐடி, பெல் லேப்ஸ், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கட்டின. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று மரம்போல் அடுக்கும் முறை அதில்தான் ஒழுங்காக வடிவம் பெற்றது. ஒரு ஃபோல்டருக்கும் அடுத்ததற்கும் நடுவில் > என்ற குறி போட்டார்கள். பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த கென் தாம்ப்சன் 1969இல் யூனிக்ஸை ஆரம்பித்தபோது அந்த இடத்தில் / வந்தது. யூனிக்ஸில் எல்லாம் ஒரே வேரிலிருந்து தொடங்கும். எத்தனை டிஸ்க் மாட்டினாலும் அது அந்த மரத்தில் ஒரு கிளையாகத்தான் தொங்கும். லினக்ஸும் இன்றைய மேக்கும் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

விண்டோஸின் தாய்வழி வேறு. கேரி கில்டால் 1974இல் எழுதிய சிபி/எம் சின்ன மெஷின்களுக்கானது. அதில் ஃபோல்டரே கிடையாது. ஃப்ளாப்பியில் உள்ளது அவ்வளவுதான், எதற்கு அடுக்குவது? எந்த ஃப்ளாப்பி என்று தெரிந்தால் போதும்: ஏ, பி. 1981இல் ஐபிஎம் பிசியுடன் வந்த டாஸ் இந்த எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொண்டது. ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்குப் போய்விட்டதால்தான் ஹார்ட் டிஸ்க் சி ஆனது. அப்பாவுடைய லேப்டாப்பில் ஃப்ளாப்பி போடும் வாயே கிடையாது. ஆனாலும் சியும் டியும் மட்டும் இருந்தன, மூத்தவர்கள் செத்துப்போன வீட்டில் மூன்றாமவனை இன்னும் மூன்றாமவன் என்றே கூப்பிடுவது மாதிரி.

1983இல் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தது. இப்போது ஃபோல்டர் வேண்டும். மைக்ரோசாஃப்டுக்கு யூனிக்ஸ் தெரியாமல் இல்லை. ஜெனிக்ஸ் என்ற பெயரில் அதையே உரிமம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். டாஸ் 2.0க்கு ஃபோல்டர் யோசனையை அங்கிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் / என்ற குறியை டாஸ் கட்டளைகள் ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருந்தன: கட்டளைக்குப் பின்னால் விருப்பத் தேர்வுகளைச் சொல்வதற்கு. பழைய கட்டளைகளை உடைக்க ஐபிஎம்முக்கு மனமில்லை. பக்கத்தில் சும்மா கிடந்த \ஐ எடுத்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, டாஸின் உள்மனசுக்கு இரண்டு ஸ்லாஷும் ஒன்றுதான். புரோகிராமிலிருந்து / அனுப்பினாலும் திறந்துவிடும். முரண்டு பிடித்தது வாசலில் நின்ற கட்டளைகள் மட்டும்தான்.

அந்த \கூட யாரும் ஆசைப்பட்டுப் பெற்ற குழந்தை இல்லை. ஐபிஎம்மில் இருந்த பாப் பீமர் 1961 வாக்கில் அதைக் கணினி எழுத்துகளில் சேர்த்தார். /\ என்றும் \/ என்றும் சேர்த்துப்போட்டு ஆல்கால் மொழியின் தர்க்கக் குறிகளை எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. ஜப்பானில் அதே எண்ணில் யென் குறி உட்கார்ந்திருந்தது. ஜப்பானிய விண்டோஸில் பலகாலம் ஃபோல்டர்களுக்கு நடுவில் ¥ தெரிந்தது அதனால்தான்.

மேக் மூன்றாவது கட்சி. 1985இல் அவர்களுடைய ஃபைல் முறையில் ஃபோல்டர்களுக்கு நடுவில் : வந்தது. ஆப்பிள்காரர்கள் 2001இல் யூனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறியபோது, கீழே / மேலே : என்று நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளனை உட்காரவைத்தார்கள். அவர்களிடம் ஒரு நல்ல யோசனையும் இருந்தது. 1991இல் வந்த ஏலியஸ் முகவரியோடு சேர்த்து ஃபைலின் அடையாள எண்ணையும் வைத்துக்கொள்ளும். ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும் தேடிப் பிடித்துவிடும். ஆனால் அந்த டிஸ்க்கை விட்டு வெளியே வந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் நிற்கிற கதை.

முதல் ராத்திரி வேலை இதுதான். லிப்ரே ஆஃபீஸ் ஆவணம் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். பிரித்து, உள்ளே இருக்கும் கன்டென்ட் எக்ஸ்எம்எல்லில் டி: என்று தொடங்கியதையெல்லாம் வெட்டி, ஆவணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஃபோல்டர் என்று மாற்றினேன். முதலில் அதையும் தப்பாகச் செய்தேன். அந்த வடிவத்தில் ஆவணமே ஒரு ஃபோல்டராகக் கணக்கு. அதனால் ../ போட்டு ஒரு படி வெளியே வந்தபிறகுதான் பக்கத்து வீட்டுக்குப் போகமுடியும். அது புரிந்ததும் படங்கள் வரத் தொடங்கின. பாளை, கருக்கு, பனங்கிழங்கு. அப்பாவின் கட்டைவிரல் நிழல் ஓரத்தில் விழுந்த ஒரு கடகம்.

ஒலிப்பதிவுகளில் பாதி வரவில்லை. இரண்டாவது ராத்திரி. காரணம் அற்பமானது. பதிவுக்கருவி ஃபைல் பெயரின் வாலைப் பெரிய ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. அப்பா லிங்க்கைக் கையால் தட்டும்போது சின்ன எழுத்தில் தட்டியிருந்தார். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு.

இந்தச் சண்டையில் ரத்தம் சிந்தியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, பிசியிலிருந்து யூனிக்ஸ் மெஷினில் உள்ள ஃபைல்களைப் பார்க்க ஆசைப்பட்டார். கம்பியில் போகும் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, இந்தப் பக்கம் என்ன கேட்கிறது, அந்தப் பக்கம் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தே ஒரு சர்வரை எழுதினார். 1992இல் முதல் வடிவம் வெளியானது. பின்னால் அதற்கு சாம்பா என்று பெயர் வந்தது. பிசி கேட்கும் பெயர் அப்படியே கிடைக்காவிட்டால் சாம்பா அந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து, பெரிசா சின்னதா என்று பாராமல் ஒப்பிடும். எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்பதைத் தாண்டித் தெரியாத பழைய டாஸுக்காக நீளப் பெயர்களை நறுக்கி வேறு பெயர் கொடுக்கும். ரெண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேச்சைத் திருத்தித் திருத்திச் சொல்லும் தரகர் மாதிரி. பயனர்களுக்கு நடுவில் ஆள் இருப்பதே தெரியாது. பாராட்டே கிடைக்காத இப்படிப்பட்ட வேலைகள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மூன்றாவது ராத்திரிதான் விசித்திரம். இன்னும் கொஞ்சம் படங்கள் திறக்கவில்லை. ஃபோல்டரில் ஃபைல் கண் முன்னால் இருக்கிறது. லிங்க்கிலும் அதே பெயர். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். ஒன்றுதான். இல்லை என்கிறது மெஷின்.

திறக்காதவற்றைப் பட்டியல் போட்டேன். நொங்கு. கொட்டான். தோண்டி. சொக்கப்பனை. பனங்கொட்டை. ஓலைக்கொழுக்கட்டை. பட்டியலை வாய்விட்டுப் படித்தபோதுதான் உறைத்தது. எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய்.

கொ என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி என்று ஒரே எண்ணாக எழுதலாம். அல்லது கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. உகரத்துக்கோ ஐகாரத்துக்கோ இந்தப் பிரிவினை இல்லை. அதனால்தான் பனை திறந்தது, பனங்கொட்டை திறக்கவில்லை. நொங்கு சேர்த்து எழுதினால் ஆறு எண்கள், 18 பைட்டுகள். பிரித்து எழுதினால் ஏழு எண்கள், 21 பைட்டுகள்.

அப்பாவின் விண்டோஸ் சேர்த்து எழுதியிருந்தது, கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருந்தது. உடைத்தது என்னுடைய மேக். ஆப்பிள் 1998இல் கொண்டுவந்த ஃபைல் முறை, பெயர்களைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தால் ஆள் குழம்பிப்போவான் என்ற நல்லெண்ணம். மேக்குக்குள் இருக்கும்வரை தொல்லையில்லை, லிங்க் எந்த வடிவத்தில் கேட்டாலும் அதுவே மாற்றிப் பார்த்துக்கொள்ளும். ஆனால் லினக்ஸுக்கு ஃபைல் பெயர் என்பது பைட் வரிசை மட்டும்தான். தமிழா, பிரெஞ்சா, அதற்குக் கவலையில்லை. 18 பைட் பெயரைக் கேட்டால், 21 பைட் பெயர் பக்கத்திலேயே இருந்தாலும், இல்லை என்றுதான் சொல்லும். பிரெஞ்சுக்காரர்களின் உச்சரிப்புக் குறிகளும் ஜெர்மன்காரர்களின் இரட்டைப் புள்ளிகளும் இப்படித்தான் அடிபட்டன. கிட்டில் இதற்கென்றே 2012இல் ஒரு அமைப்பு சேர்த்தார்கள். ஆப்பிளின் 2017 ஃபைல் முறை, கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. என் பழைய மேக் அதற்கு முந்தைய தலைமுறை.

அலுவலக நண்பனிடம் சொன்னேன். "ஃபைல் பேரெல்லாம் இங்கிலீஷ்ல வச்சுருடா, லைஃப்ல பிரச்சினையே வராது" என்றான். அவன் சொன்னது நடைமுறைக்குச் சரி. நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த ஃபோல்டரில் அதைச் செய்யக் கை வரவில்லை. பெயரில்தான் அப்பாவின் வேலையே இருந்தது.

முதல்முறை இந்தப் பட்டியலைக் காட்டியபோது நான் கேட்டேன்: "நுங்குதானப்பா சரி? அகராதியில அப்படித்தானே இருக்கு?"

"எந்த பனையேறில நுங்குங்கான்? நொங்குன்னு சொல்லுத ஆளுட்ட கேட்டு நுங்குன்னு எழுதுனா, நான் எதுக்கு வெயில்ல அலையணும்?"

நுங்கு என்று எழுதியிருந்தால் அந்தப் படம் முதல் ராத்திரியே திறந்திருக்கும்.

பைத்தானில் பத்து வரி. ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயர்களையும் எடுத்து, கொம்பையும் காலையும் மறுபடி சேர்த்து, பெயர் மாற்றிவிடும். ஓட்டி முடித்து ஆவணத்தைத் திறந்தேன். நொங்கு வந்தது, மூன்று கண்ணும் தெரிய. தோண்டி வந்தது. சொக்கப்பனை எரிந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு லிங்க் மட்டும் மிச்சம். கொட்டானுக்குப் படம் வந்துவிட்டது, அதற்குக் கீழே இருந்த ஒலிப்பதிவு வரவில்லை. ஸ்லாஷ், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கொம்பு, கால் எல்லாம் பார்த்தாயிற்று. ஜிப், பென் டிரைவ், கடைசியில் அப்பாவின் லேப்டாப்பையே ஊரிலிருந்து வரவழைத்துத் தேடினேன். அப்படி ஒரு ஃபைல் எங்கேயும் இல்லை.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"கொட்டான் முடையுத ஆச்சி மக வீட்டுக்குப் போயிருந்தாவ. வந்ததும் போய் எடுக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாவ உங்கப்பா. எழுதி மட்டும் வச்சிருப்பாவ."

"ஆச்சி வந்துட்டாங்களாம்மா?"

"வந்துட்டாவ. போன வாரம்கூட கடையில பாத்தேன்."