ஜீரோ மைலிலிருந்து பரங்கிமலை வரை

நாக்பூரில் இருக்கும் நம்மவர்கள் யாருக்கும் ஜீரோ மைலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரிலிருந்து மாமனாரோ சித்தப்பாவோ வந்தால், ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்து நாம் கூட்டிப்போய்க் காட்டுவது அதைத்தான். ஒரு மணற்கல் தூண், கூடவே நான்கு குதிரைகள், கல்லில் செதுக்கிய ஊர்ப் பெயர்களும் தூரங்களும். "இதுதான் இந்தியாவோட நட்ட நடு சென்டர்" என்று நானும் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருந்தேன். என் மகள்தான் அதைக் கெடுத்தாள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பிராஜக்ட். இந்திய வரைபடத்தை அட்டையில் ஒட்டி வெட்ட வேண்டும். ஓரத்தில் ஓர் ஊசி குத்தித் தொங்கவிட்டு, நூலில் கல் கட்டிக் கோடு போட வேண்டும். இன்னொரு ஓரத்தில் மறுபடி அதே மாதிரி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நடு. செய்து பார்த்தாள். புள்ளி நாக்பூருக்கு வடக்கே, மத்தியப் பிரதேசத்துக்குள் போய் விழுந்தது. "அப்பா, நான் தப்பா வெட்டிட்டேனா?" என்று கேட்டாள். நானும் வெட்டிப் பார்த்தேன், அங்கேதான் வந்தது. அந்தக் கல் நட்டது 1907-ல் என்பார்கள். அப்போது பர்மாவும் சேர்ந்ததுதானே இந்தியா என்று, பர்மா, இன்றைய பாகிஸ்தான், பங்களாதேஷ் எல்லாம் சேர்த்து இன்னொரு அட்டை வெட்டினோம். புள்ளி இன்னும் வடக்கே போனது. (அன்று இரவு சமையலறையில் என்னைத் திட்டியது தனிக்கதை.)

பிறகுதான் கல்லைச் சரியாகப் படித்தேன். அங்கே 'ஸ்டாண்டர்ட் பெஞ்ச் மார்க்' என்று இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 1020 அடி என்ற கணக்கும் இருக்கிறது. அதாவது அது உயரம் அளக்க நட்ட கல். நாடு முழுக்க மட்டம் பார்த்த முதல் பெரிய அளவை 1858-ல் தொடங்கி 1909-ல் முடிந்தது. நம்ம கல் அந்தக் காலத்து ஆள். நடு என்ற கதை அதன் மேல் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். கட்னி மாவட்டத்தில் கரௌந்தி என்று ஒரு சிற்றூர், அதுவும் 'நாங்கள்தான் நடு' என்கிறது. எந்த இந்தியாவின் நடு என்று கேட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

வரைபட வரலாற்று ஆய்வு கடந்த முப்பது நாற்பது வருஷமாகக் கேட்டுவருவதும் இந்த மாதிரிக் கேள்விதான். வரைபடத்தைப் பார்த்தால் யாரோ வானத்திலிருந்து பார்த்து அப்படியே வரைந்த மாதிரி இருக்கும். வரைந்தவர் முகம் தெரியாது, எதற்காக வரைந்தார் என்பதும் தெரியாது. பிரையன் ஹார்லி என்ற ஆங்கிலேய அறிஞர் 1989-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் போட்டு உடைத்தது. வரைபடம் என்ன காட்டுகிறது என்பதோடு எதைக் காட்டாமல் விடுகிறது, யார் கேட்டு அது வரையப்பட்டது என்றும் பார்க்கச் சொன்னார் அவர். அந்தக் கேள்வியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் மாத்யூ எட்னி. அவருடைய 'மேப்பிங் ஆன் எம்பயர்' 1997-ல் வந்தது. கும்பினிக்காரர்கள் இந்தியாவை அளந்து கண்டுபிடித்தார்கள் என்பதைவிட, அளக்கிற வேலையினூடே 'இந்தியா' என்கிற ஒரே பரப்பை உருவாக்கினார்கள் என்பது அவர் வாதம். கணக்குச் சுத்தமான அளவை என்று பெருமையடித்தார்களே தவிர, களத்தில் நடந்தது பாதிக்குப் பாதி சமரசம் என்றும் ஆவணங்களை வைத்துக் காட்டுகிறார்.

எனக்கு இதில் ஆர்வம் வர இன்னொரு காரணம், இந்தக் கதை தொடங்குவது நம் பரங்கிமலையில்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த போரில் இருந்தவர் வில்லியம் லாம்டன். கைக்கு வந்த நாட்டை அளக்க வேண்டும் என்று கும்பினியிடம் திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில் வேலை ஆரம்பம். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அது சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அங்கே வேண்டாம் என்று திரும்பி வந்த சரக்கு! வெயிலில் எஃகு நீளுமே, அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்து நிழலில் வைத்து, ஒவ்வொரு தடவையும் வெப்பம் பார்த்துக் குறித்தார்கள். ஏழரை மைல் நீளத்தை அளக்க 57 நாள் ஆனது. சென்னை வெயிலில், ஏப்ரல் மே மாதத்தில்.

இந்த ஒரு கோட்டை மட்டும் சரியாக அளந்தால் போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்து மலையுச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்தால், மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படி முக்கோணம் முக்கோணமாகக் குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போனார்கள். சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்தபோது, அதுவரை இருந்த வரைபடங்கள் காட்டியதைவிடத் தீபகற்பம் சுமார் 40 மைல் குறுகல் என்று தெரிந்தது.

குன்று இருக்கிற இடத்தில் சரி. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்ன செய்வது? வயலும் தென்னந்தோப்பும்தான். கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், கோணம் அளக்கும் தியோடலைட் என்ற அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் போய், கருவியை அக்கு அக்காகப் பிரித்து, ஆறு வாரம் தட்டித் தட்டி அதன் வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார். அந்தக் கருவியை வைத்துத்தான் மேலே போனார்கள். துல்லியம் துல்லியம் என்கிறோமே, அதில் மரச்சுத்தியலுக்கும் பங்கு உண்டு.

ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அந்தத் தூரதரிசினியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். உயரத்தில் ஏறி நின்று நம் வீட்டு முற்றத்துப் பெண்களைப் பார்க்கிறான் என்று பல இடங்களில் சண்டை வந்தது. வடக்கே சமவெளியில் பார்வைக்கோடு கிடைக்க மரங்களை வெட்டினார்கள், குடிசைகளையும் இடித்தார்கள். வரைபடத்தில் அந்தக் கோடு மெல்லிசாக, அழகாக இருக்கும். கோடு போன வழியில் யார் வீடு இருந்தது என்பது அதில் இருக்காது.

விடுபட்ட பெயர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். லாம்டனின் வலதுகை ஜோஷுவா டி பென்னிங், சென்னை அநாதை விடுதியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். நில அளவை கற்றுக்கொண்டது, அந்தப் பையன்களுக்காகவே 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியில். கிண்டியில் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காரலாம், உங்கள் பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான் :-) அடுத்து ஆற்காட்டுக்காரர் சையது மீர் மொஹ்சின் உசேன். சென்னையிலிருந்து கல்கத்தா அளவை அலுவலகத்துக்குப் போனவர். ஹென்றி பாரோ என்ற வெள்ளைக்காரக் கருவி வல்லுநர் விலகியதும், ஜார்ஜ் எவரெஸ்ட் இவரைத்தான் அந்த இடத்துக்குச் சிபாரிசு செய்தார். எவரெஸ்ட் லேசில் யாரையும் பாராட்டுகிற மனிதர் இல்லை. மலைக்கு எவரெஸ்ட் பெயர் 1865-ல் வந்தது. ஆற்காட்டுக்காரருக்கு ஒரு தெருப் பெயர்கூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ராதாநாத் சிக்தர் கதை இன்னும் மோசம். 1831-ல் கணக்குப் போடுபவராகச் சேர்ந்த வங்காளி இளைஞர். பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரம் என்று தெரியவந்த கணக்கோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இவருடையது. 29,002 அடி என்று 1856-ல் அறிவித்தார்கள். (இவர் ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னார் என்கிற காட்சி பிற்பாடு ஜோடித்தது.) துறையின் அளவைக் கையேட்டில் கணக்குப் பகுதிகள் இவர் உழைப்பு. 1851-ல் வந்த முதல் பதிப்பு முன்னுரையில் பெயர் சொல்லி நன்றி கூறியிருந்தார்கள். சிக்தர் 1870-ல் இறந்தார். 1875 பதிப்பில் பெயர் போய்விட்டது, கணக்கு மட்டும் இருந்தது. செத்தவன் சொத்தைத் திருடுகிற வேலை இது என்கிற பொருளில் 1876-ல் ஒரு பத்திரிகை கண்டித்தது. அப்படிக் கண்டிக்க அன்றைக்கே வெள்ளைக்காரர்களுக்குள்ளும் ஆள் இருந்திருக்கிறது.

சங்கிலி சுமந்தவர்கள், கொடியோடு மலையேறிக் காய்ச்சலில் செத்தவர்கள் இவர்களுக்கு அந்த முன்னுரையிலும் இடமில்லை.

வெள்ளைக்காரன் வருமுன் நமக்கு வரைபடமே கிடையாது என்பதும் பழங்கதை ஆகிவிட்டது. ஜோசப் ஷ்வார்ட்ஸ்பெர்க் 1992-ல் தெற்காசிய வரைபடங்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு எழுதினார். யாத்திரைப் படங்கள், கோட்டைப் படங்கள், கோயில் நகரப் படங்கள் என்று குவித்துக் காட்டியிருக்கிறார். அளவுகோல் இருக்காது, சாமி இருக்கிற இடம் பெரிசாக இருக்கும். போகிறவனுக்கு அதுதானே வேண்டும்?

அளந்து வரைந்ததில் எது பெரிசு என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சொல் இருக்கிறது. வரிக் கணக்குக்குப் புறம்பான நிலம் புறம்போக்கு. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் அதில்தான். ஊருக்கே பொதுவான இடங்கள். வரி வராத நிலம் என்று தாளில் எழுதி எழுதி, இன்றைக்கு அது ஆளைத் திட்டுகிற வார்த்தையாகிவிட்டது.

சுதந்திரம் வந்த பிறகும் வரைபடம் ஜனங்களுக்கு லேசில் கிடைக்கவில்லை. கடற்கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களின் விரிவான அளவைத் தாள், 2005-ல் தேசிய வரைபடக் கொள்கை வரும்வரை சாமானியர் கைக்கு எட்டாத சரக்கு. சென்னையே அதற்குள் அடக்கம். முன் அனுமதி வாங்காமல் இந்தியர்கள் தாங்களே வரைபடம் தயாரிக்கலாம் என்று விதி தளர்ந்தது 2021 பிப்ரவரியில்தான். அதற்குள் கைபேசியில் எல்லார் வீட்டுக் கூரையும் தெரிய ஆரம்பித்துவிட்டது. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமத்தைக் கைபேசி வரைபடத்தில் தேடினால் பெயர் குளத்துக்கு மறுகரையில் விழுகிறது. காலனித் தெருவுக்குப் பெயரே இல்லை. அந்தத் தெருவின் வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

லாம்டன் கடைசிவரை அளந்துகொண்டே வடக்கே வந்தார். ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு வரும் வழியில், 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட்டில் இறந்தார். அங்கேயே அடக்கம். கோடை லீவுக்கு நாம் சென்னைக்குப் போகிற ரயில் பாதையில், நாக்பூரை விட்டதும் புளியோதரைப் பொட்டலம் பிரிப்பதற்குள் ஹிங்கன்காட் தாண்டிவிடும். எத்தனை முறை தாண்டியிருக்கிறேன், எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மகள் பிராஜக்டில் மூன்று புள்ளி வைத்தாள். இன்றைய இந்தியாவின் நடு ஒன்று, 1907-ன் நடு ஒன்று, ஜீரோ மைல் ஒன்று. ஒரே விடைதான் வேண்டும் என்று டீச்சர் பத்துக்கு ஏழு போட்டார். போகட்டும். மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹிங்கன்காட்டில் இறங்கிப் பார்ப்பதாக இருக்கிறோம். நாக்பூர், வார்தா பக்கத்து நம்மவர்கள் யாராவது அந்தக் கல்லறைக்குப் போயிருந்தால் வழி சொல்லுங்கள்.