மறைக்கப்பட்ட நோயும் இரண்டாவது மருந்தும்

வலிப்பு நோய்க்கு மருந்துண்போர் ஓங்காளத்துக்கும் சத்திக்கும் வேறொரு மாத்திரையை எண்ணிப்பாராது விழுங்குதல் ஆபத்து என்பதை மருந்தியல் நூல்கள் கூறும். அவ்வாபத்தில் ஒரு பங்கு இரசாயனத்தைச் சார்ந்தது. மறுபங்கு சமுதாயத்தைச் சார்ந்தது. பின்னதை அறிய வரலாற்றைப் புரட்டுதல் வேண்டும்.

கிரேக்கர் இந்நோயைத் தெய்வ நோய் என்றனர். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர், ஹிப்போகிறற்றிசின் பெயரால் வழங்கும் நூலொன்று, ஏனைய நோய்களிலும் இதிலே தெய்விகம் மிகுதியாக ஒன்றுமில்லை, மூளையே இதன் பிறப்பிடம் என்று வாதிட்டது. பகுத்தறிவின் குரல் அத்துணை முன்னரே எழுந்திருந்தும், பயன்தரும் மருந்துக்கு 1857ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் விக்டோரியா மகாராணியின் பிரசவ வைத்தியரான சார்ள்ஸ் லொக்கொக், பொற்றாசியம் புரோமைட்டு வலிப்பைத் தணித்ததாக இலண்டனில் அறிவித்தார். அதனைக் கையாண்டமைக்கான காரணம் விந்தையானது. அது பாலுணர்ச்சியை அடக்கும் என்று நம்பப்பட்டது. பாலியல் ஒழுக்கக்கேடே வலிப்பை விளைக்கின்றது என்று அக்கால வைத்தியர் பலர் எண்ணினர். மருந்து பலித்தது, கொள்கை முழுப்பிழை. பேய் பிடித்தவன் என்று ஒதுக்கப்பட்ட நோயாளி இப்போது ஒழுக்கங்கெட்டவன் என்று ஒதுக்கப்பட்டான்.

1912இல் யேர்மனியின் பிறைபேர்க் நகரில் அல்பிரட் ஹௌப்மன் என்னும் வைத்தியர், நோயாளரை அமைதிப்படுத்தப் பீனோபாபிற்றல் கொடுத்தபோது வலிப்புகள் குறைவதைக் கண்டார். வறிய நாடுகளிலே இன்றும் பெரிதும் வழங்கும் மலிவான மருந்து அதுவே. 1933இல் நாஸி அரசு இயற்றிய சட்டமோ, பரம்பரை வலிப்பு உடையோரைக் கட்டாயமாக மலடாக்க வழிசெய்தது. அத்தகையோரை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமை வைத்தியர்மேற் சுமத்தப்பட்டது. ஹௌப்மன் யூதர். அவரும் பதவியிழந்து, ஈற்றில் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. வைத்தியரிடம் உண்மை கூறுவதே தண்டனைக்கு வழியாகும்போது எந்த நோயாளி வாய்திறப்பான்?

1938இல் பொஸ்ரன் நகரில் மெரிற், புற்னம் ஆகிய இருவரும் பெனிற்றோயினின் பயனை வெளியிட்டனர். கார்பமசெப்பீன், வல்புரோவேற்று என்பன பின்னர் வந்தன.

இதற்கிடையே வேறொரு மருந்துக் குடும்பமும் வளர்ந்தது. 1950இல் பிரான்சிலே ஆக்கப்பட்டு, 1952இல் பாரிசில் மனநோயாளருக்கு வழங்கப்பட்ட குளோர்புரோமசீன் சத்தியையும் நிறுத்தியது. 1964இல் அந்நாட்டிலிருந்தே மெற்றோகுளோபிறமைட்டும் அறிமுகமாயிற்று. மூளையிலே டோபமீன் என்னும் பொருளின் தொழிலை மறித்து இவை சத்தியை அடக்குகின்றன. குளோர்புரோமசீனும் அதன் இனத்தனவும் வலிப்பு எளிதில் எழ இடங்கொடுப்பன. மெற்றோகுளோபிறமைட்டு வலிப்பை மிகுவிக்கலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. மேலும், அது சிறுவரிலும் இளைஞரிலும் சிலவேளை கழுத்தைத் திருகச் செய்து, கண்களை மேலே செருகச் செய்யும். இதனை வலிப்பென்று மயங்கி வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டினால் நோயாளிக்கு இரட்டைக் கேடு. பின்னர் வந்த ஒன்டான்செற்றன் வேறு வழியில் இயங்குவது; ஆயினும் பெனிற்றோயினோ கார்பமசெப்பீனோ உண்பவரின் குருதியில் அது விரைவிலே குறைந்துவிடும்.

இன்னொன்றையும் கூறாதிருக்க இயலாது. சத்தியே சிலவேளை வலிப்பு மருந்தின் செயலாக இருக்கும். பெனிற்றோயின் அளவு மிஞ்சினாலும் சத்தி வரும். வல்புரோவேற்று உண்பவருக்குத் தொடர்ந்து சத்தி வருதல் ஈரலோ சதையியோ கெடுவதன் அறிகுறியாகலாம். அவ்வேளையிற் சத்தியை அடக்குவது நோயை மூடி வைப்பதாகும். மாத்திரை விழுங்கிய சற்று நேரத்திலே சத்தி எடுத்தவர், இன்னொன்றைத் தாமாக விழுங்காமலும், வேண்டாமென்று மருந்தை நிறுத்திவிடாமலும் வைத்தியரைக் கேட்பதே முறை. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு உண்டாகி உயிரையே பறிக்கக்கூடும். எதுவும் வயிற்றில் தங்காவிடின் ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். சில மருந்துகளை அங்கு ஊசி மூலம் ஏற்றலாம்.

இவ்வளவும் நோயாளி வாய்திறந்தாற் பயன்படும். இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்தில், அடிக்கடி வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடையென்ற வாசகம் 1999ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை நீக்குவது எளிது. கலியாணம் பேசுவோரின் நாவிலிருந்து நீக்குவது அத்துணை எளிதன்று. நமது ஊர்களிலும் பெண்ணின் நோயை மறைத்தே கலியாணம் ஒப்பேற்றுவோர் உளர். அவள் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து உண்கிறாள். கருவுற்றுச் சத்தி மிகுந்ததும் மாமியார் துணையோடு புதிய வைத்தியரிடம் போகிறாள். அவர் மாமியாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "வேற என்ன மருந்து எடுக்கிறீர், பிள்ளை?" என்று கேட்டாலன்றி அவள் சொல்லப்போவதில்லை.