பயிற்சிப் படங்களில் முகம்மது அலி

முகம்மது அலி (1942–2016), ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். அவருடைய பயிற்சிக்கூடப் படங்கள் ஏராளமாக இருப்பதால், அவற்றை வைத்தே அவர் ஆட்டத்தை எடைபோடுவோர் பலர். ஆனால் வீரர் எதைப் பழகினார், யாரோடு மோதினார் என்று கேட்காமல் அந்தப் படங்களை நம்புவது ஆபத்து.

படச்சுருளின் வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் காலத்து ஊமைப்படங்களை நொடிக்கு 16 சட்டம் வீதம் எடுத்து 24 வீதம் ஓட்டினால் கை ஒன்றரை மடங்கு வேகமாகப் பறக்கும். அலியின் படங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பயிற்சியில் அணிவது 16 அவுன்சு கையுறை. போட்டியில் அதைவிட இலேசானதுதான். ஆகவே அங்கே விழும் குத்தின் கனம் வேறு.

அலியின் குறை எங்கே தெரியும்? தற்காப்புக் கைகளை இடுப்பளவுக்கு இறக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்தே குத்தைத் தவிர்ப்பார். எந்த வாத்தியாரும் திட்டித் திருத்தும் பழக்கம் இது. மணல் மூட்டை திருப்பி அடிக்காது. அதன் முன்னால் இந்தத் தவறு அழகாகவே தெரியும். கால் வேகம் இருந்தவரை தப்பினார். 1967 முதல் மூன்றரை ஆண்டு விளையாட விடாமல் ஒதுக்கியபின் வேகம் குறைந்தது, பழக்கம் மாறவில்லை. 1971 மார்ச் 8இல் எதிராளி ஜோ ஃபிரேசரின் இடது ஹூக், 15ஆம் ரவுண்டில் அவரைத் தரையில் கிடத்தியது.

1974இல் சாயிரில் (இன்றைய காங்கோ) ஃபோர்மனோடு மோதும் முன் எடுத்த பயிற்சிப் படங்கள் நல்ல பாடம். ஜார்ஜ் ஃபோர்மன் மூட்டையைக் குத்திக் குத்தியே பள்ளம் விழச் செய்கிறார். பார்த்தவர்கள் அலிக்காகக் கவலைப்பட்டார்கள். அலியோ பென்சில்வேனியாவின் டீர் லேக் முகாமிலேயே கயிற்றில் சாய்ந்து கூட்டாளிகளை அடிக்க விட்டுப் பழகியவர். சோம்பல் என்று தோன்றிய அதுதான் அக்டோபர் 30இல் ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தியது. மூட்டையின் பள்ளம் ஃபோர்மனின் வலுவைச் சொன்னது, மூச்சு எத்தனை ரவுண்டு தாங்கும் என்று சொல்லவில்லை.

தமிழகத்துக்கு அலி வந்தது 1980 தொடக்கத்தில். சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அந்தப் பயணத்திலேயே டெல்லியில் கௌர் சிங்குடனும் மோதினார்; கௌர் சிங் 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பேர் சொல்லிச் சண்டை பார்த்து வளர்ந்த வடசென்னைக்கு அலியை நேரில் காண்பதே திருவிழா. ஆயினும் அந்தக் காட்சிப் போட்டியை ஆதாரமாக்கி அவரை மதிப்பிடுவது வீண். 38 வயது அலி அப்போது ஓய்வு அறிவித்திருந்தார். எல்லிஸ் அவரோடு லூயிவில்லில் வளர்ந்த பழைய பயிற்சிக் கூட்டாளி. கண்ணில் காயம்பட்டு 1975லேயே விலகியவர். இருவரும் ஒருவரையொருவர் காயப்படுத்த வரவில்லை.

பயிற்சியில் கயிற்றோரத்தில் வாங்கிய அடிகளுக்குக் கணக்கே இல்லை. 61 போட்டி, 56 வெற்றி என்ற பட்டியலில் பயிற்சிக்கூடக் குத்துகள் சேராது. 1984இல் கண்டறிந்த பார்க்கின்சனுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு இன்றும் விவாதப் பொருளே. டீர் லேக்கில் அலியோடு பழகிய லாரி ஹோம்ஸ், ஓய்விலிருந்து திரும்பிய அவரை 1980 அக்டோபர் 2இல் லாஸ் வேகாஸில் எதிர்கொண்டார். பத்து ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்.