நெரிசலும் தன்னடக்கமும்: 1986இன் இணையத் தடங்கல் பற்றிய ஒரு நோக்கு

கணனி வலையமைப்புக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்களை நிரல்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். பொதுவானதொரு வளத்தைப் பலர் கூடிப் பயன்படுத்தும்போது எழும் முரண்பாடு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்ற வினா அவர்களாற் பெரிதும் எழுப்பப்படுவதில்லை. 1986ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கலிபோணியாவில் ஏற்பட்ட ஒரு தடங்கலை அவ்வினாவின் வழிநின்று நோக்குவோம்.

தொலைபேசியில் ஓர் உரையாடல் முடியும்வரை ஒரு வழி அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1960களிற் போல் பரன், டொனால்ட் டேவிஸ் ஆகியோர் தனித்தனியே முன்வைத்த முறையில் அவ்வொதுக்கீடு இல்லை. செய்தி சிறு பொதிகளாகப் பிரிக்கப்படும்; வழியிலுள்ள ஆளிகள் அவற்றை வரிசையில் நிறுத்தி அப்பால் அனுப்பும். வந்துசேர்பவை வெளியேறுபவற்றை விஞ்சினால் வரிசை நீளும். ஆளியின் நினைவகம் நிரம்பியதும் எஞ்சியவை கைவிடப்படும். வின்ரன் சேர்வும் றொபேட் கானும் 1974இல் வெளியிட்ட திட்டம் இவ்விழப்பை ஈடுசெய்யும் பொறுப்பை இரு முனைகளிலுமுள்ள கணனிகளிடம் விட்டது. பெற்றுக்கொண்டமைக்கான அறிவிப்பு உரிய நேரத்தில் வராவிடின், அனுப்பிய கணனி அதே பொதியை மீண்டும் அனுப்பும். இவ்வழி வளர்ந்த ரீ.சீ.பி., ஐ.பீ. நெறிமுறைகளுக்கு ஆர்ப்பாநெற் 1983 ஜனவரி 1இல் மாறியது.

இங்குதான் முரண்பாடு தோன்றியது. வரிசையிற் காத்திருக்கும் பொதி தொலைந்ததாகக் கருதப்பட்டு மீண்டும் அனுப்பப்பட, நெரிசல் மேலும் பெருகிற்று. தனித்து நோக்கின் ஒவ்வொரு கணனியின் செயலும் நியாயமானதே. கூட்டாக அது அழிவையே விளைவித்தது. இத்தகைய வீழ்ச்சி நேரலாமென ஜோன் நேகிள் 1984இலேயே எச்சரித்திருந்தார். 1986இல் லோறன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்துக்கும், 400 யார் தொலைவிலிருந்த பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே செக்கனுக்கு 32,000 பிற்றுக்களாக இருந்த வேகம் 40 ஆக வீழ்ந்தது. தாள்களை ஒருவர் கையிலெடுத்து நடந்திருந்தால் அதனிலும் விரைவாகச் சேர்ப்பித்திருப்பார்!

வான் ஜேக்கப்சன், மைக்கல் கரல்ஸ் ஆகியோர் கண்ட தீர்வு 1988இல் வெளிவந்தது. ஆளிகளில் அவர்கள் கைவைக்கவில்லை. அனுப்புவோரின் நடத்தையையே மாற்றினர். இழப்பை நெரிசலின் அறிகுறியாகக் கொள்ளல் வேண்டும். உடனே தன் அளவைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். பின்னர் சிறிது சிறிதாகவே கூட்டல் வேண்டும். இவ்விதியில் ஒரு சமத்துவப் பண்பு உறைந்துள்ளது. கூட்டும்போது யாவரும் ஒரே அளவு பெறுகின்றனர். பாதியாக்கும்போதோ மிகுதியாக வைத்திருப்பவரே மிகுதியாக இழக்கின்றார். இது மீண்டும் மீண்டும் நிகழ, பங்குகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நடுவண் அதிகாரி எவருமின்றியே இது நடைபெறுகின்றது. இதனைச் சியூ, ஜெயின் ஆகியோர் 1989இற் கணிதமுறையாக நிறுவினர்.

எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத இவ்வடக்கம் எவ்வாறு பரவிற்று? பேர்க்கிளிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் மென்பொருளினூடாகவே அது பல நிறுவனங்களைச் சென்றடைந்தது. அம்மென்பொருட் பணிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதி கிடைத்தமையும் மனங்கொளத்தக்கது. பனிப்போரின் பணத்திற் பொதுநலன் விளைந்தமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

எனினும் இச்சமத்துவம் இணைப்புக்களுக்கிடையிலானதேயன்றி மனிதருக்கிடையிலானதன்று. பத்து இணைப்புக்களைத் திறப்பவர் பத்துப் பங்கு பெறுவார். மேலும், இணங்கி நடப்போரின் சம்மதமே இதன் அத்திவாரம். 2016இற் கூகிள் நிறுவனம், இழப்பை விடுத்து வேகத்தையும் தாமதத்தையும் அளந்து இயங்கும் புதிய முறையொன்றை வெளியிட்டது. ஆளிகளின் நினைவகம் பெருகி வரிசைகள் வீணே நீண்டுவிட்ட நிலையில் அதற்குத் தக்க தொழினுட்பக் காரணம் இருந்தது, மூலநிரலும் மறைக்கப்படவில்லை. ஆயின் சில சூழ்நிலைகளில் அது பழைய முறையைப் பின்பற்றுவோரின் பங்கையும் எடுத்துக்கொள்வது தெரியவந்தது. அந்நிறுவனம் பின்னர் திருத்திய வடிவங்களை வெளியிட்டது. அச்சமமின்மையை அளந்து காட்டியோருள் பல்கலைக்கழக ஆய்வாளரும் இருந்தனர்.